திருமண விசாவில் வெளிநாடு செல்பவர் வீட்டு வன்முறைக்கு உள்ளானால்: வதிவிட உரிமையைக் காத்துக்கொள்ளும் வழிகள்

திருமணமாகி லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ மெல்பேணுக்கோ சென்ற பெண்ணொருத்தி கணவனின் வன்முறையைச் சகித்துக்கொண்டு அதே வீட்டில் தொடர்ந்து இருப்பதற்குப் பெரும்பாலும் ஒரு மிரட்டல் காரணமாக இருக்கிறது: "உன்னுடைய விசா என் கையில். ஒரு கடிதம் போட்டால் நாளைக்கே உன்னைக் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள்." எங்கள் சமூகம் அதிகமாகக் குடியேறியிருக்கும் நாடுகளில் இந்த மிரட்டல் பெரும்பாலும் பொய்யானது. விசாவைக் கொடுப்பதும் எடுப்பதும் அந்தந்த நாட்டின் குடிவரவு அதிகாரிகளின் வேலை. துணையின் வன்முறையால் பிரிய நேர்ந்தவர் அங்கேயே தங்குவதற்கு அந்த நாடுகள் தனி விதிகளை வைத்திருக்கின்றன. ஆயினும் அந்த விதிகள் எல்லோருக்கும் பொருந்துவதில்லை. யாருக்கு எது பொருந்தும் என்பதும், அதற்கு எதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதும் புறப்படும் முன்னரே தெரிந்திருந்தால், நெருக்கடி நாளில் தடுமாற வேண்டியிராது.

இங்கே பெண்களை முன்னிறுத்தியே எழுதுகிறேன், ஏனெனில் உதவி கேட்டு வருவோரில் பெரும்பாலோர் அவர்களே. விதிகள் ஆண்களுக்கும் அவ்வாறே பொருந்தும்.

புறப்படுவதற்கு முன் கொழும்பில்

விவாகச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதிகளைப் போதுமான அளவில் எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, தேவையானால் பத்தரமுல்லை சுஹுருபாயவிலுள்ள வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் சான்றுப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு தொகுதியை உங்களுடன் எடுத்துச் செல்லுங்கள். இன்னொன்றைப் பெற்றோரிடம் கொடுத்து வையுங்கள். கடவுச்சீட்டின் எல்லாப் பக்கங்களையும் விசா வழங்கப்பட்ட கடிதத்தையும் படம் எடுத்து, உங்களுக்கு மட்டுமே கடவுச்சொல் தெரிந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள்.

விசா விண்ணப்பத்தை மாப்பிள்ளை வீட்டாரோ அவர்களுடைய முகவரோ நிரப்பி, அவர்களுடைய மின்னஞ்சலையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்துவிடுவது எங்களிடையே வழக்கமாகிவிட்டது. இதை ஒருபோதும் அனுமதிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பிரித்தானியாவில் வதிவிட அட்டைகளின் இடத்தை இப்போது இணையவழி விசா பிடித்துவிட்டது. பெரும்பாலான அட்டைகள் 2024 டிசம்பர் 31 உடன் காலாவதியாயின. அந்த விசாவுக்கான இணையக் கணக்கு கணவனின் மின்னஞ்சலில் திறக்கப்பட்டிருந்தால், உங்களுக்கு விசா இருக்கிறது என்பதை நீங்களே நிரூபிக்க முடியாத நிலை ஏற்படும். கனடா, அவுஸ்திரேலியா ஆகியவற்றின் இணையக் கணக்குகளுக்கும் இதுவே பொருந்தும். விண்ணப்பத்தின் முழுப் பிரதியையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்களைப் பற்றி அதில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பது பின்னாளில் முக்கியமாகும்.

திருமணப் படங்கள், நிச்சயதார்த்தக் காலத்து வாட்ஸ்அப் உரையாடல்கள், ஒன்றாகப் பயணித்த விமானச் சீட்டுகள் ஆகியவற்றையும் பாதுகாத்து வையுங்கள். உறவு கசந்த பிறகு கோபத்தில் அவற்றை அழித்துவிடுவோர் பலர். வன்முறை விதிகளின் கீழ் விண்ணப்பிக்கும்போது அதிகாரி முதலில் தேடுவது அத்திருமணம் உண்மையானதா என்பதைத்தான். அழித்துவிட்ட அந்த உரையாடல்களே அதற்கான சான்று.

உங்கள் கையிலிருப்பது எந்த விசா?

எல்லாமே இந்தக் கேள்விக்கான விடையில் தங்கியிருக்கிறது. நிரந்தர வதிவிடம், அதாவது பி.ஆர்., ஏற்கெனவே கிடைத்துவிட்டதா? அல்லது குடியுரிமையோ பி.ஆரோ உள்ள ஒருவரின் துணையாகத் தற்காலிக விசாவில் இருக்கிறீர்களா? அல்லது கணவனே மாணவராகவோ வேலை விசாவிலோ இருக்க, அவரில் தங்கியிருப்பவராகச் சென்றீர்களா? முதல் நிலையில் இருப்பவருக்குக் கவலையில்லை. இரண்டாம் நிலையில் இருப்பவருக்காகவே வன்முறை விதிகள் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கின்றன. மூன்றாம் நிலையில் இருப்பவருக்குப் பாதுகாப்பு மிகக் குறைவு. அண்மைக் காலத்தில் கொழும்பிலிருந்து இளம் தம்பதியர் பலர் மாணவர் விசாவிலும் பராமரிப்பு வேலை விசாவிலும் சென்றிருப்பதால், இந்த மூன்றாம் நிலை முன்னரைவிட அதிகமாகக் கவனிக்கப்பட வேண்டும்.

பிரித்தானியா

பிரித்தானியக் குடிமகனின் அல்லது அங்கே நிரந்தர வதிவிடம் பெற்றவரின் துணையாக விசா பெற்றிருப்பவரும், அகதி அந்தஸ்துப் பெற்றவரின் துணையாக இருப்பவரும், வன்முறையால் உறவு நிரந்தரமாக முறிந்தால் நேரடியாக நிரந்தர வதிவிடத்துக்கே விண்ணப்பிக்கலாம். வழமையான ஐந்து ஆண்டுகள் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆங்கிலப் பரீட்சையோ வருமான வரம்போ இதற்குக் கிடையாது. கட்டணம் மிக அதிகம்தான், ஆனால் கையில் பணமில்லாதவர் கட்டண விலக்குக் கோரலாம். திருமணம் செய்வதற்கென ஆறு மாத விசாவில் சென்றிருப்பவருக்கு, அதாவது இன்னும் மணமாகாதவருக்கு, இந்த வழி திறந்திருப்பதில்லை.

வீட்டை விட்டு வெளியேறியதும் தங்க இடமும் சாப்பாட்டுக்குப் பணமும் இல்லாமல் தவிப்பவருக்கு முதற்படியாக மூன்று மாத இடைக்கால அனுமதி ஒன்று உண்டு. அரசின் நிதி உதவியையும் தங்குமிடத்தையும் பெற அது வழிவிடும். அந்த மூன்று மாதங்களுக்குள் நிரந்தர வதிவிட விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்க வேண்டும். 2024 பெப்ரவரியிலிருந்து மாணவர்களினதும் வேலை விசாவில் உள்ளவர்களினதும் துணைகளும் இந்த இடைக்கால அனுமதியைக் கேட்கலாம். இதில் ஒரு பொறி இருப்பதைக் கவனியுங்கள். அந்த அனுமதி கிடைத்ததும் முன்பிருந்த விசா இல்லாது போய்விடும். மூன்று மாதம் முடிந்தபின் அவர்களுக்கு நிரந்தர வதிவிட வழியும் இல்லை. ஆகவே மாணவரின் அல்லது பணியாளரின் துணையாக இருப்பவர் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரிடம் பேசாமல் இந்தப் படிவத்தை நிரப்பக் கூடாது.

கை நீட்டி அடித்தால்தான் வன்முறை என்று இங்கே நினைப்பவர்கள் அதிகம். இங்கிலாந்தில் துணையைக் கட்டுப்படுத்தி அச்சுறுத்தி வைத்திருப்பது 2015 முதல் தனிக் குற்றம். 2021 ஆம் ஆண்டின் சட்டம் பணத்தைப் பறித்து வைத்திருப்பதையும் வன்முறையாகக் கணக்கிடுகிறது. இலங்கையில், நீதிமன்றத்தால் பிரித்து வைக்கப்படாத மனைவியைக் கணவன் பலாத்காரம் செய்வது குற்றமாகக் கருதப்படுவதில்லை. பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய எல்லா நாடுகளிலும் அது கடுங்குற்றம். இதைத் தெரிந்துகொள்ளாததால் அதை எவரிடமும் சொல்லாமலே விட்டவர்கள் இருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் குடிவரவு ஆலோசனை கூறுபவர் சட்டத்தரணியாகவோ அரசில் பதிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும். வன்முறை தொடர்பான இந்த விண்ணப்பத்துக்கு வருமானம் குறைந்தோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. 0808 2000 247 என்ற வீட்டு வன்முறை உதவி இலக்கம் 24 மணி நேரமும் இலவசமாக இயங்குகிறது. 1979 இல் தொடங்கப்பட்ட சவுத்ஹோல் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற அமைப்பு தெற்காசியப் பெண்களின் இத்தகைய வழக்குகளில் நீண்ட அனுபவம் கொண்டது.

கனடா

துணையின் அனுசரணையில் கொழும்பிலிருந்தே பி.ஆர். பெற்று இறங்கியவர், இறங்கிய மறுவாரமே கணவனை விட்டு விலகினாலும் பி.ஆரை இழக்க மாட்டார். இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனை 2012 இல் கொண்டுவரப்பட்டது. 2017 ஏப்ரலில் அது நீக்கப்பட்டுவிட்டது. பழைய நிபந்தனையைக் காட்டி இன்றும் பெண்களைப் பயமுறுத்துகிறார்கள், பெண்களும் நம்புகிறார்கள். அனுசரணை வழங்கியவர் மூன்று ஆண்டுகளுக்கு உங்கள் அடிப்படைச் செலவுகளுக்குப் பொறுப்பு. நீங்கள் அரச உதவிப் பணம் பெற்றால் அதைத் திருப்பிச் செலுத்தும் கடமை அவருடையது, உங்கள் பி.ஆருக்கு அதனால் பாதிப்பு வராது.

கனடாவுக்குள் இருந்துகொண்டு விண்ணப்பித்து, முடிவு வராமல் காத்திருப்பவரின் நிலை வேறு. அனுசரணை வழங்கியவர் முடிவுக்கு முன் அதை மீளப்பெற முடியும். அவ்வாறு நேர்ந்தால், அல்லது நேருமென்று அஞ்சினால், குடும்ப வன்முறைக்கு உள்ளானோருக்கென 2019 ஜூலையில் தொடங்கப்பட்ட தற்காலிக வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அது குறைந்தது ஆறு மாதங்களுக்கு வழங்கப்படும். முதல் அனுமதிக்குக் கட்டணம் இல்லை. வேலை அனுமதியும் மருத்துவக் காப்பும் அதனுடன் கோரலாம். விசா காலாவதியானவர்களும் கேட்கலாம். அந்த இடைவெளியில் மனிதாபிமான, கருணை அடிப்படையிலான பி.ஆர். விண்ணப்பத்தைத் தயார் செய்ய வேண்டும். ரொறன்ரோவில் இருப்பவர்கள் ஒன்ராறியோ தெற்காசிய சட்ட நிலையத்தை நாடலாம்.

அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, ஐரோப்பா

அவுஸ்திரேலியாவில் துணை விசா இரு கட்டங்களாகக் கிடைப்பதால், தற்காலிகக் கட்டத்தில் உறவு முறிந்தால் எல்லாம் போய்விட்டது என்று பலர் எண்ணுகின்றனர். குடும்ப வன்முறை விதியின் கீழ், உறவு உண்மையாக இருந்ததையும் வன்முறை நிகழ்ந்ததையும் காட்டினால் நிரந்தர விசா பரிசீலிக்கப்படும். நீதிமன்றக் கட்டளை இருந்தால் அது போதிய சான்று. இல்லையெனில் உங்களுடைய சத்தியக் கூற்றும், வைத்தியர், பொலிஸ், சமூக சேவையாளர் போன்றோரின் ஆவணங்களும் தேவை. உறவு முறிந்ததைக் குடிவரவுத் திணைக்களத்துக்கு நீங்களே அறிவியுங்கள். கணவன் முதலில் அறிவித்துவிட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அதில் குறித்த நாளைத் தவறவிட்டால் மீள்வது கடினம். 1800 737 732 ஆலோசனைக்கு, 131 450 தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பெறுவதற்கு.

நியூசிலாந்தில் குடிமகனின் அல்லது வதிவிடம் பெற்றவரின் துணையாக இருந்தவருக்குக் குடும்ப வன்முறை வேலை விசாவும் வதிவிட விசாவும் தனித்தனியே உள்ளன. வதிவிட விசா கேட்பவர், சொந்த நாடு திரும்பினால் பிழைக்க வழியில்லை என்பதையோ, சமூகத்தின் இழிசொல்லால் ஒதுக்கப்படும் ஆபத்து இருக்கிறது என்பதையோ காட்ட வேண்டும் என்பது இந்நாட்டு விதியின் சிறப்பு. "வாழாவெட்டி" என்று முத்திரை குத்தப்படும் பெண்ணுக்கு எங்கள் ஊரில் வீடு வாடகைக்குக் கிடைப்பதுகூட எவ்வளவு கடினம் என்பதைக் கொழும்பிலுள்ள உறவினரோ மதகுருவோ சத்தியக்கடதாசியில் எழுதிக் கொடுத்தால், அந்த ஆவணம் பெரிதும் உதவும்.

சுவிற்சர்லாந்தில் வெளிநாட்டினர் சட்டத்தின் 50 ஆம் பிரிவு மூன்றாண்டு இல்லறம் நிறைவடையாதவருக்கும் வன்முறை காரணமாக அனுமதியைத் தொடர இடமளிக்கிறது. 2025 ஜனவரி முதல் அது மேலும் பல வகை அனுமதி வைத்திருப்போரின் துணைகளுக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. ஜேர்மனியிலும் மூன்றாண்டு விதிக்குக் குடும்ப வன்முறை விலக்காகும். நோர்வேயிலும் வன்முறைக்கு உள்ளானவர் சொந்தப் பெயரில் அனுமதி கோரலாம்.

சான்றுகளைச் சேர்த்தல்

விண்ணப்பங்கள் தோற்பதற்கான காரணம் பெரும்பாலும் பொய்யல்ல, மௌனம். காயத்துடன் வைத்தியரிடம் சென்ற பெண் "குளியலறையில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லிவிட்டால், அந்தக் குறிப்பே பின்னர் அவளுக்கு எதிராக நிற்கும். வைத்தியரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். குறிப்பில் எழுதும்படி கேளுங்கள். கணவனையோ மாமியாரையோ மொழிபெயர்ப்பாளராக ஏற்க வேண்டாம். மருத்துவமனையிலும் பொலிஸிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் வசதி உண்டு.

மிரட்டல் செய்திகளை இலக்கமும் நாளும் தெரியும்படி படம் பிடியுங்கள். தமிழில் உள்ளவற்றைத் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு மாற்றுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டச்சு செய்த செய்திகளையும் அப்படியே கொடுங்கள். ஒவ்வொரு சம்பவத்தையும் அன்றே சகோதரிக்கோ தோழிக்கோ மின்னஞ்சலில் எழுதி அனுப்பினால், திகதியிட்ட பதிவு ஒன்று தானாகவே உருவாகும். நடக்காததைச் சேர்த்து எழுதும்படி எந்த முகவர் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்: பொய்த் தகவல் கொடுத்தவருக்குக் கனடா ஐந்தாண்டுத் தடை விதிக்கிறது, உண்மையான பகுதியும் அதனுடன் சேர்ந்து அடிபட்டுப்போகும்.

வீட்டை விட்டு வெளியேறும்போது

உயிருக்கு ஆபத்தென்றால் ஆவணங்களைத் தேடி நிற்காமல் வெளியேறுங்கள். பிரித்தானியாவில் 999, கனடாவில் 911, அவுஸ்திரேலியாவில் 000, நியூசிலாந்தில் 111, ஐரோப்பாவில் 112. விசா காலாவதியாகியிருந்தாலும் அழைக்கத் தயங்காதீர்கள். ஆவணங்களைப் பின்னர் பொலிஸாரின் துணையுடன் எடுத்துவரக் கேட்கலாம். திட்டமிட்டு வெளியேற அவகாசம் இருந்தால் கடவுச்சீட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கி அட்டை, மருந்துகள், தாலிக்கொடி உட்பட உங்கள் நகைகள் ஆகியவற்றை முன்கூட்டியே ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். வெளியேறிய உடனேயே தொலைபேசியின் இருப்பிடப் பகிர்வை நிறுத்தி, எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றி, குடிவரவுக் கணக்கில் முகவரியை மாற்றுங்கள். பழைய முகவரிக்குப் போகும் அரச கடிதம் உங்கள் கைக்கு வந்து சேராது.

கொழும்பிலுள்ள குடும்பத்தாருக்கு

மகள் அழுதுகொண்டு தொலைபேசியில் பேசும்போது "பொறுத்துக்கொள் பிள்ளை, ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லாதீர்கள். கொடுத்த சீதனத்தையும் இன்னும் திருமணமாகாத தங்கையையும் நினைத்து நீங்கள் சொல்லும் அந்த வார்த்தை, அவள் பொலிஸை அழைப்பதை மாதக்கணக்கில் தள்ளிப்போடச் செய்யும். அவள் அனுப்பும் படங்களையும் செய்திகளையும் அழியாமல் வைத்திருப்பதும், நீங்கள் கேட்டதையும் கண்டதையும் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசியாக எழுதிக் கொடுப்பதும் உண்மையான உதவிகள்.

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு" என்றும் சொல்லாதீர்கள். சிறுவர் கடத்தல் தொடர்பான 1980 ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இலங்கை ஏற்று, 2001 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டமாக்கியிருக்கிறது. தந்தையின் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இன்றி 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை இங்கே கொண்டுவந்தால், திருப்பி அனுப்பும்படி வழக்கு வரலாம். தாயின் வதிவிட உரிமையும் அதில் சிக்கிக்கொள்ளும்.

கணவன் தரப்பிலிருந்து கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்குப் போட்டு, மனைவியே வன்மத்துடன் கைவிட்டுச் சென்றாள் என்று கூறுவதும் நடக்கிறது. அழைப்பாணை பெற்றோரின் வெள்ளவத்தை முகவரிக்கு வந்தால், அதை அலமாரியில் வைத்துவிடாமல் உடனே சட்டத்தரணியிடம் காட்டுங்கள். எதிர்த்தரப்பு சொல்வதை மட்டும் கேட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டால், அந்தத் தீர்ப்பு வெளிநாட்டுக் குடிவரவுக் கோப்புக்குள்ளும் போய்ச் சேரும்.

கொழும்பில் கொண்டுவந்து விட்டுச் சென்றால்

விடுமுறை என்று சொல்லி மனைவியை இங்கே அழைத்து வந்து, கடவுச்சீட்டையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு கணவன் மட்டும் திரும்பிவிடுவது புதிய தந்திரமல்ல. முன்னர் பிரித்தானிய விதிகள் நாட்டுக்குள் இருப்பவரையே காத்தன. 2024 ஜனவரி 31 முதல், இவ்வாறு கைவிடப்பட்டவர் வெளிநாட்டிலிருந்தபடியே நிரந்தர வதிவிடத்துடன் நுழைவதற்கு விண்ணப்பிக்கலாம். இந்த மாற்றம் இங்குள்ள பல பெற்றோருக்குத் தெரியாது.

முதல் வேலையாக அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவில் கடவுச்சீட்டு எடுத்துச் செல்லப்பட்டதையும் கைவிடப்பட்டதையும் முறைப்பாடாகப் பதிந்து, அதன் பிரதியைப் பெறுங்கள். தமிழில் வாக்குமூலம் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. புரியாத சிங்களத்தில் எழுதப்பட்டதில் கையொப்பமிட வேண்டாம். முறைப்பாட்டுப் பிரதியுடன் பத்தரமுல்லை குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் புதிய கடவுச்சீட்டுக்கு விண்ணப்பியுங்கள். பிரித்தானிய இணையவழி விசா உள்ளவர் புதிய கடவுச்சீட்டைத் தன் கணக்குடன் இணைக்க வேண்டும். கனேடிய பி.ஆர். உள்ளவர், அட்டை இல்லாவிட்டாலும், திரும்பிச் செல்வதற்கான பயண ஆவணத்தைக் கோரலாம். ஐந்து ஆண்டுகளில் 730 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கு ஓடிக்கொண்டிருப்பதால் தாமதிக்கக் கூடாது.

கணவனோ அவருடைய குடும்பத்தாரோ கொழும்பில் தொடர்ந்து தொந்தரவு கொடுத்தால், 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். இடைக்காலக் கட்டளை 14 நாட்கள் வரையும் முழுக் கட்டளை 12 மாதங்கள் வரையும் செல்லும். உடல் வன்முறையுடன் கடுமையான மன உளைச்சல் தரும் கொடுமையையும் இச்சட்டம் கணக்கில் எடுக்கிறது. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பராமரிப்புப் பணமும் கேட்கலாம். இந்தக் கட்டளைகளின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதிகளை மொழிபெயர்த்து வெளிநாட்டு விண்ணப்பத்துடன் இணைக்க மறவாதீர்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். 1987 முதல் இயங்கும் விமன் இன் நீட் அமைப்பு ஆலோசனையும் நீதிமன்ற உதவியும் வழங்குகிறது. அரச மருத்துவமனைகள் பலவற்றில் வன்முறைக்கு உள்ளானோருக்கு உதவும் நட்பு நிலையம் என்ற பிரிவு இருக்கிறது. பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938. அவசரத்துக்குப் பொலிஸ் 119.

குடிவரவு விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுவதால், படிவத்தைச் சமர்ப்பிக்கும் வாரத்தில் அந்தந்த அரசின் இணையத்தளத்தில் புதிய பதிப்பைத் திறந்து பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள்.